நட்டு போட்டாச்சு

அந்தக் காரை முதலில் பார்த்தது நான். யார் வந்து கேட்டாலும் இதைச் சொல்வேன். இன்றைக்கு அதன் மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற எங்கள் டெக்சாஸ் ரவுண்ட் ராக் ஊர்த் தமிழ் ஜனங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. எதிர் வீட்டுக்காரன் வாங்கினான், அவ்வளவுதான். பார்த்தது நான்.

ஜார்ஜ்டவுன் தாண்டி ஒரு பண்ணையில், தகரக் கொட்டகைக்குள், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அறுபதுகளின் கடைசியில் வந்த வண்டி. இரண்டே கதவு, முன்னால் நீளமான பானெட், அதற்குள் எட்டு சிலிண்டர் இன்ஜின். கரும்பச்சை பெயின்ட் அங்கங்கே வெளுத்திருந்தது. பெரியவர் சாவியைத் திருப்பினதும் என் சட்டைப் பட்டன் வரைக்கும் அதிர்ந்தது. நான் தினமும் ஆபீஸ் போய் வருவது பேட்டரி கார். அதில் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இது அப்படியில்லை. இதற்கு உயிர் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அந்த ஓட்டை வண்டியைக் கொண்டுவந்து எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டாள். கேரேஜில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் இருக்கிறது, அரிசி மூட்டைகள் இருக்கின்றன, மகளின் பழைய சைக்கிள் இருக்கிறது. நியாயமான கேள்விதான். சரி என்று உட்கார்ந்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். இன்சூரன்ஸ், உதிரிப் பாகம், கேரேஜை எப்படிக் காலி பண்ணுவது என்று வரிசையாக எழுதினேன். என் புத்தி அப்படி. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவேன். அந்த ஷீட்டிலேயே மூன்று வாரம் ஓடிவிட்டது.

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள், சாயங்கால வாக்கிங்கில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எதிர் வீட்டுக்காரனிடம் சொல்லிவிட்டேன். சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னேன். போன வாரம் ஒரு பழைய வண்டி பார்த்தேன், செம வண்டி, இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று. ரொம்ப ஆசைப்படுகிறவன் மாதிரி காட்டிக்கொள்வது எனக்கு எப்போதுமே கேவலமாக இருக்கும். எங்கே இருக்கிறது, சும்மா போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். லொகேஷனைக்கூட நானேதான் ஷேர் பண்ணினேன். அடுத்த சனிக்கிழமை ஒரு டோ டிரக் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. அதன் முதுகில் என் கார்.

"மச்சி, நீ சொன்னியே, அதே வண்டி தான். உனக்குத் தான்டா தேங்க்ஸ் சொல்லணும்" என்று ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

திருட்டுத்தனமாக வாங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வெள்ளை மனசோடு கட்டிப்பிடிக்கிறவனை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அவன் முதுகைத் தட்டி, கங்கிராட்ஸ் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். பெண் பார்த்துவிட்டு வந்தவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் தாலி கட்டிவிட்ட மாதிரி இருந்தது. மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொறாமை என்று எழுதினால் அது ஏதோ கண்ணியமான சரக்கு மாதிரி தெரிகிறது. எனக்கு வந்தது பச்சையான வயிற்றெரிச்சல். காலையில் காபியோடு முன் அறைக்கு வந்தால் ஜன்னலுக்கு நேர் எதிரே அவன் டிரைவ்வேயில் அந்தக் கார். நான் பிளைண்ட்ஸை மூடிவைக்க ஆரம்பித்தேன். பகலில் எதற்கு லைட் என்று மனைவி வந்து திறந்துவிடுவாள். சனிக்கிழமைகளில் அவன் ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் அதிரும். என்ன கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் இங்கிலீஷில் பதில் சொல்கிற மகள், அந்தச் சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து இறங்கிவந்து, "ஹிஸ் கார் இஸ் சோ கூல், அப்பா" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் ஹோம்வொர்க்கைப் பற்றி ஏதோ கத்தினேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

வண்டியில் ஒரு குறை இருந்தது. அது தெரிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. பின்பக்கம் தொங்கிப்போயிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் சுமந்ததில் ஸ்பிரிங் எல்லாம் வளைவு போய்த் தட்டையாகிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் பொத்தென்று உட்காரும். வளைவில் திரும்பினால் இடது பக்கம் சாயும். ஸ்பீட் பம்பில் ஏறினால் அடியில் டங் என்று இடிக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு மூன்று மாசம் காத்திருக்க வேண்டும் என்றார்களாம். அவன் பொறுக்காமல் ஆன்லைனில் ஒரு செட் வரவழைத்தான். புது ஸ்பிரிங், புஷ், ஷாக் அப்சார்பர், யூ போல்ட் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. பெட்டியைப் பிரிக்காமல் நேராக என்னிடம் வந்தான். நீ மெக்கானிக்கல் தானே, இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிவிடலாம் என்றான்.

அவன் படித்தது பி.காம், அப்புறம் கம்ப்யூட்டர். சென்னையில் பிறந்து வளர்ந்தவன், ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு இத்தனை வருஷமாகக் கீபோர்டைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நான் நாமக்கல்காரன். எங்கள் ஊரில் வாசலில் இறங்கினால் லாரிதான். அவன் லீஃப் ஸ்பிரிங் என்று சொல்வதை நாங்கள் கமான் பட்டை என்போம். வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதன் நடுவில் ஆக்சிலை உட்காரவைத்து, யூ வடிவப் போல்ட்டால் கட்டி, நட்டு போட்டு முறுக்கினால் முடிந்தது. லாரியானாலும் சரி, இந்த மாதிரி வண்டியானாலும் சரி, சமாசாரம் ஒன்றுதான்.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று கேட்டால், வேலை செய்கிற சாக்கில் அந்தக் காரைத் தொடலாம். வேறு காரணம் இல்லை.

மூன்று வீக்கெண்ட் வேலை. வெளியே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினால் ஹெச்ஓஏ என்கிற குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடுதாசி வந்துவிடும் என்று அவன் கேரேஜுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். செப்டம்பர் மாசத்து டெக்சாஸ் வெயில். கதவைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். பழைய பட்டையின் முன்பக்கத்துப் போல்ட் துருப்பிடித்து உள்ளேயே செத்துப்போயிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி, எம்பி எம்பிக் கழற்றினது நான். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. மோர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தது அவன். சூப்பர் மச்சி என்று சொன்னதும் அவன்தான்.

இந்தப் பட்டைக்கு முன் பின் உண்டு. நடுவில் இருக்கிற போல்ட்டிலிருந்து முன்பக்கத்துக்கு நீளம் கம்மி, பின்பக்கத்துக்கு அதிகம். பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் இருக்கும். அவன் மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் டேப் வைத்து அளந்து காட்டித் திருப்பிவைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. போனால், பத்துப் பேருக்கு நடுவில் இவன் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறான். நிறையப் பேர் இதில்தான் தப்புப் பண்ணுவார்களாம், முன்பக்கம் நீளம் கம்மி என்பதையே கவனிக்க மாட்டார்களாம். நான் பக்கத்தில் பிரியாணித் தட்டோடு நிற்கிறேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நாம் இரண்டு பேரும் கூட்டு என்கிற மாதிரி. எனக்கு அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை.

அடுத்த நாள் எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ. கீழே 'ரியர் சஸ்பென்ஷன், சொந்தக் கையால்' என்று எழுதியிருந்தான். படத்தில் அவன் முகம், பளபளவென்று புதுப் பட்டை, ஓரத்தில் கிரீஸ் அப்பின ஒரு முழங்கை. என் மனைவி விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது உங்கள் முழங்கைதானே என்றாள். இதயமும் கட்டைவிரலுமாக வந்து குவிந்தன. இப்படி ஒரு வண்டி எப்படிக் கிடைத்தது என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அதற்கு அவன் போட்ட பதில் ஒரே வார்த்தை, 'லக்'. அந்த லக்குக்கு லொகேஷன் ஷேர் பண்ணினவன் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தான்.

அமெரிக்காவில் எல்லாப் பண்டிகையும் சனிக்கிழமைதான் வரும். ஊரில் ஆயுத பூஜை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. எங்களுக்குச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, எதிர் வீட்டுக் கேரேஜில். பூஜை முடிந்ததும் காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்குவதாக ஏற்பாடு. ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை, கூட்டமெல்லாம் போன பிறகு என்று பேசிவைத்திருந்தோம். ஐந்தாறு குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே நாங்கள் கேரேஜில். கடைசிக் கட்ட வேலை. வலது பக்கம் அவன், இடது பக்கம் நான். இந்த இரண்டு வாரத்தில் அவனுக்குக் கொஞ்சம் கை வந்துவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட், நான்கு நட்டு. முதலில் நட்டை விரலால் திருகிப் போட்டுவிட்டு, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, எடை முழுக்கப் பட்டை மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். அதற்கு டார்க் ரெஞ்ச் என்று நீளமான ஒரு ஸ்பேனர் இருக்கிறது. எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவு வந்ததும் டக் என்று சத்தம் கொடுக்கும். அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினோம். பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அத்தனை அழகு. அவன் வலது பக்கம் படுத்து முறுக்கினான். நான்கு தடவை டக் கேட்டது. எழுந்து ரெஞ்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனான். நான் குனிவதற்குள் அவன் மனைவி பட்டுப்புடவையோடு கேரேஜுக்குள் வந்தார். மணி பத்தரை, ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், டூல்ஸையெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். "எல்லாத்தையும் குடுத்துடுங்க அண்ணா. பூஜைல வச்சப்புறம் நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது" என்று சொல்லி, சுத்தியல், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், அந்த ரெஞ்ச் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வாங்கிக்கொண்டு போனார்.

என் பக்கத்து நட்டு நான்கும் விரலால் போட்டபடியே இருந்தன. இரண்டு நிமிஷ வேலை. இரண்டு நிமிஷம் இருங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை.

அவன் மூலையில் இருந்த சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டான்.

"மச்சி, உன் சைடு நட்டெல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன்.

பொய் இல்லை. நான்கு நட்டையும் நான் போட்டிருந்தேன். ஆனால் நாம் இந்த வார்த்தையை எப்படிப் பேசுகிறோம்? காபி போட்டாச்சு, கோலம் போட்டாச்சு, பூட்டு போட்டாச்சு. போட்டாச்சு என்றால் அந்த வேலை முடிந்தது, இனி அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அவன் அப்படித்தான் எடுத்துக்கொள்வான் என்று தெரிந்துதான் சொன்னேன். முறுக்கியாச்சா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அவன் அப்படிக் கேட்கவில்லை.

அவனுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் நினைத்தது இவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறும்போது பின்னால் டங் என்று ஒரு சத்தம் வரும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சொந்தக் கையால் சஸ்பென்ஷன் மாட்டினவன் திருதிருவென்று முழிப்பான். அப்போது நான் போய்க் குனிந்து பார்த்து, இதுதான் விஷயம் என்று சொல்லிச் சரி செய்வேன். அத்தனை பேர் பார்க்க. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் ஆசைப்பட்டேன். வீட்டுக்குப் போய்க் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, ரொம்ப நல்லவன் மாதிரி திரும்பி வந்தேன்.

பூஜை நடந்தது. பொரி, கடலை, சுண்டல். டூல்ஸெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தன. எனக்கு அந்த ரெஞ்ச் மட்டும்தான் கண்ணில் பட்டது. அவன் மனைவி வெண்பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி என் கையில் கொடுத்தார். "நீங்களே சுத்துங்க அண்ணா. ஊர் கண்ணெல்லாம் இந்த வண்டி மேல தான்" என்றார். நான் காரை மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்தேன். ஊர் கண்ணு எது என்று அங்கே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். தரையில் உடைத்தால் கறை பிடிக்கும் என்று ஒரு கார்பேஜ் பைக்குள் போட்டுப் பூசணிக்காயை உடைத்தோம்.

அப்புறம் எலுமிச்சம்பழம். அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினான். மெதுவாகப் பின்னால் நகர்த்தினான். நான்கு பழமும் நசுங்கின. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. கார் பூ மாதிரி டிரைவ்வேயில் இறங்கி நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது. சரி, நாளைக்கு ரெஞ்ச்சை எடுத்ததும் முதல் வேலையாக முறுக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கை தட்டல் அவனை என்னவோ பண்ணிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, யாராவது வருகிறீர்களா, ஃப்ரீவே ஏறி ஒரு ரவுண்ட் அடித்துவிட்டு வரலாம் என்று கத்தினான். முதலில் கையைத் தூக்கியது என் மனைவி.

ஓட்டை வண்டி என்று சொன்னாளே, அவளேதான். மாம்பழ மஞ்சள் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான் வருகிறேன் அண்ணா என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவை இழுத்து மூடினாள். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கினாள். முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் வயிறுதான் எரிந்தது. அந்தச் சீட்டில் அவளை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவதைத்தான் அந்தக் கொட்டகையில் நின்று நான் நினைத்தேன். இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஓட்டப்போகிறவன் வேறு ஒருத்தன். இது மனசில் ஓடி முடிந்த பிறகுதான், அவள் உட்கார்ந்திருக்கிற வண்டியின் இடது பக்கத்து ஆக்சிலை விரலால் போட்ட நான்கு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது. ஃப்ரீவேயில் எழுபது மைலில் ஆக்சில் ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும். அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

கார் தெருவில் இறங்கிவிட்டது. ஓடினேன். வேட்டி தடுக்கியது, ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவன் கியர் மாற்றுவதற்குள் டிரைவர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். வண்டியை ஆஃப் பண்ணு என்றேன். நீயும் வரியா, பின்னாடி ஏறிக்கோ என்று சிரித்தான். நான் குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"போட்டாச்சுன்னு தான்டா சொன்னேன். முறுக்கலை."

அவன் என்னைப் பார்த்தான். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். சத்தம் நின்றதும் தெரு முழுக்க அமைதி. முன் சீட்டில் என் மனைவியின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியிருந்தது. அவளுக்கும் கேட்டுவிட்டது.

இறங்கி நின்று கூட்டத்தைப் பார்த்து அவன் சொன்னான்: "ஸாரி, என் தப்பு. அவசரத்துல ஒரு சைடு டைட் பண்ண மறந்துட்டேன். நல்லவேளை, இவன் ஞாபகம் வச்சிருந்தான்."

யார் கண்ணு பட்டதோ என்று அவன் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒருத்தர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருத்தர் தோளில் தட்டினார். நான் ஆசைப்பட்ட அந்த நிமிஷம் வந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பூஜையில் வைத்ததை எப்படி எடுப்பது என்று அவன் மனைவி தயங்கினார். நிஜ ஆயுத பூஜை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது, சாமிக்குக் காலண்டர் தெரியும் என்று அவன் சொல்லிவிட்டு, சந்தனப் பொட்டோடு ரெஞ்ச்சை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். நான் வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். அவனும் டார்ச்சோடு வந்து பக்கத்தில் படுத்தான். ரெஞ்ச் வைப்பதற்கு முன்னால் முதல் நட்டை ஒரு விரலால் தொட்டான். அது சுற்றியது. இரண்டாவதைத் தொட்டான். அதுவும் சுற்றியது. அவசரத்தில் பாதியில் மறந்தவன் என்றால் ஒன்றையாவது கொஞ்சம் முறுக்கியிருப்பான். அவன் பி.காம்தான், முட்டாள் இல்லை.

நான் நான்கையும் முறுக்கினேன். டக் என்று நான்கு தடவை. அதுவரைக்கும் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ வாங்கப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையேடா."

மூன்று மாசமாக நான் அவன் மேல் எழுதிக்கொண்டிருந்த குற்றப் பத்திரிகையில் இந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதவே இல்லை.

வெளியே வந்தபோது என் மனைவி காரில் இல்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் தன் மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்ட் போய் வந்தான். பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் திரும்பினபோது பின்பக்கம் கொஞ்சமும் சாயவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலின் மேல் புடவையை விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அடுப்பை மூணு தடவை பாக்கற ஆளுங்க நீங்க. மறக்கற ஆளு இல்லீங்க."

கேள்வி மாதிரி கேட்கவில்லை. மடித்த புடவையை அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. அதே கார். இந்தத் தடவை என் முகம் முழுசாக இருந்தது. காலையில் நான் பூசணிக்காயோடு சுற்றும்போது எடுத்திருக்கிறார்கள். கீழே அவன் எழுதியிருந்தான்: 'இந்த வண்டியைக் கண்டுபிடிச்சது இவன். சஸ்பென்ஷன் மாட்டினது இவன். இன்னைக்கு எங்களைக் காப்பாத்தினதும் இவன்.' மூன்று மாசமாக நான் எதற்காக எரிந்துகொண்டிருந்தேனோ, அது அத்தனையும் மூன்று வரியில். தப்பு மட்டும் அதில் இல்லை. அதை அவன் வைத்துக்கொண்டான். அடப்பாவி, அதையுமா?

இதயமும் கட்டைவிரலுமாக வந்துகொண்டே இருந்தன. ஆளாளுக்கு என்னைப் பாராட்டினார்கள். நான் பதில் எழுதப் போனேன். 'தேங்க்ஸ்' என்று எழுதி அழித்தேன். 'அப்படியில்லை' என்று எழுதி அழித்தேன். 'ஸாரிடா' என்று எழுதி, அது குரூப்பில் எல்லார் கண்ணிலும் படும் என்று அதையும் அழித்தேன். அவனுக்குத் தனியாக எழுதலாம் என்றால் அங்கேயும் விரல் ஓடவில்லை.

மனைவி டீயைக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தாள். அவள் கையிலும் போன் இருந்தது.

"பதில் போட்டாச்சுங்களா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு" என்றேன்.

அவள் தன் போனைப் பார்த்தாள். அவளும் அதே குரூப்பில்தான் இருக்கிறாள்.